ஒற்றைக் கைக்கு ஏற்ற ஆட்டம்

எங்கள் வார்டுக்கு ஒரு விளையாட்டுத் துறை மந்திரி உண்டு. ஓட்டுக் கேட்டு வந்தவள் இல்லை, நாங்களாகக் கட்டிய பட்டம். சம்பளம் வாங்குவது டயாலிசிஸ் டெக்னீஷியன் வேலைக்கு. வாரத்தில் மூன்று காலைகள் எங்கள் ரத்தத்தை ஒரு குழாய் வழியாக வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, இன்னொரு குழாய் வழியாக உள்ளே அனுப்புவாள். அதற்கு நான்கு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. மிச்சம் இருப்பது ஒரு கை. அந்த ஒரு கைக்கு வேலை கண்டுபிடித்துக் கொடுத்ததால்தான் அவளுக்கு மந்திரிப் பதவி.

நான் மூன்றாம் கட்டில். டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். பத்து விரலால் பிழைத்தவளுக்கு ஐந்து விரல் என்பது பாதிச் சம்பளம் மாதிரி. வாய் மட்டும் முழுதாக இருக்கிறது, கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது என்று என் மகன் சொல்வான். அவன் அப்பாவும் கடைசி வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மந்திரி பால் வண்டி ஓட்டுநரின் கடைசி மகள். மேலே மூன்று அண்ணன்கள். தெருவில் எந்த ஆட்டம் ஆடினாலும் அவள்தான் ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் இருப்பாள், கணக்கில் இருக்க மாட்டாள். டீச்சராக ஆசைப்பட்டாள், அந்தப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை, இடம் இருந்த படிப்பில் சேர்ந்தாள். முதல் நாள் குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்த்து மயங்கி விழுந்ததாக அவளே சொல்வாள். அதை யாரிடம் சொல்வாள் தெரியுமா? புதிதாக வந்து படுத்திருக்கும் நோயாளியிடம், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு. ஆறுதல் சொல்கிறாளாம்.

ஆனால் அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. என் கையில் நரம்பு எங்கே ஓடி ஒளிந்தாலும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள்.

விளையாட்டு வந்ததற்குக் காரணம் டிவி. வார்டில் ஒரே ஒரு டிவி, ஆறு கட்டில், ஆறு விதமான ரசனை. ரிமோட்டுக்காக இரண்டாம் கட்டிலில் இருந்த மளிகைக் கடைக்காரரும் ஐந்தாம் கட்டில் அம்மாவும் ஆளுக்கு ஒரு கையால் இழுத்ததில் அது கீழே விழுந்து, பிறகு ஒரே சேனல்தான் ஓடியது. அதில் நாள் முழுக்க நகை விளம்பரம். அதற்குப் பிறகு எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். நான்கு மணி நேரம் மின்விசிறியைப் பார்த்தவனுக்குத்தான் அது எவ்வளவு சோம்பேறி என்று தெரியும்.

அப்போதுதான் ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவில் பழைய டேப்லெட்டுகளைக் கழித்துக் கட்டினார்கள். மந்திரி போய் நின்று, கெஞ்சாமல், அதட்டாமல், நகராமல் நின்று, மூன்றை வாங்கி வந்தாள். கொடுத்த கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார்.

"இதுல எதையும் டவுன்லோட் பண்ணக் கூடாது. ஏதாவது இறக்கினீங்கன்னு தெரிஞ்சா அன்னைக்கே வந்து தூக்கிட்டுப் போயிடுவேன். நோயாளிங்க விவரம் எல்லாம் ஓடுற லைன் இது."

"இறக்காம ஆடுற ஆட்டம் இருக்கா சார்?"

"பிரவுசர்ல பக்கத்தைத் திறந்து அங்கேயே ஆடலாம். மூடினா போச்சு. அந்த மாதிரி ஆயிரம் இருக்கு."

"ஆயிரத்துல எது நல்லது?"

"அது உங்க பாடு," என்று அவர் கணினிக்குத் திரும்பிவிட்டார்.

அவள் பாடாகத்தான் ஆனது. வீட்டுக்குப் போய், வலது கையை நாற்காலியோடு துப்பட்டாவால் கட்டிக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு ஆட்டமாக ஆடிப் பார்த்தாளாம். நோயாளிக்கு ஒரு கைதான் என்றால் சோதிப்பவளுக்கும் ஒரு கைதான் என்பது அவள் நியாயம். லேத் பட்டறையில் வேலை செய்யும் கணவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். வாசல் வழியாக நாத்தனார் வந்திருக்கிறாள். அண்ணி நாற்காலியில் கட்டப்பட்டுக் கிடப்பதைப் பார்த்ததும் நேராகக் குளியலறைக் கதவைப் போய்த் தட்டினாள்.

"அண்ணே, வெளிய வா. கட்டிப் போடுற அளவுக்கு என்ன பண்ணிட்டா அவ?"

தலையில் சோப்பு நுரையோடு வெளியே வந்த மனிதர், தன் மேல் என்ன குற்றம் என்று புரியாமலேயே பத்து நிமிடம் திட்டு வாங்கினார். மந்திரி அதைத் தடுக்கவில்லை. ஆட்டத்தின் நடுவில் இருந்தாளாம். இதை எங்களிடம் சொல்லும்போதும் அவள் முகத்தில் துளிக்கூட வருத்தம் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுக்கு ஒரு ஆட்டமும் ஆட வராது. எல்லாவற்றிலும் தோற்பாள். தோற்றதும் ஆட்டத்தின் மேல்தான் குறை சொல்வாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இவள் விஷயத்தில் பெரும்பாலும் கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தது. அதைக் கண்டுபிடிக்கத் தோற்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும். ஜெயிப்பவன் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவான், கோணலைப் பார்க்க மாட்டான்.

அப்படியும் முதலில் சில தப்புகள் நடந்தன. தண்ணீர் ஊற்றும் ஆட்டம் ஒன்று. கலர் கலராகத் தண்ணீர் இருக்கும் கண்ணாடிக் குவளைகள், நிறம் பார்த்து இதிலிருந்து அதற்கு ஊற்ற வேண்டும். ஒரு கை போதும், அவசரம் இல்லை, அழகாகவும் இருந்தது. ஆனால் நாங்கள் யார்? ஒரு நாள் முழுக்க அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாதவர்கள். ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு தாகத்தை ஏமாற்றுகிறவர்கள். குவளை நிறைய நிறையத் தண்ணீர் சலசலவென்று விழுவதைப் பார்த்து மளிகைக் கடைக்காரர் எச்சில் விழுங்கினார். ஐந்தாம் கட்டில் அம்மா டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"ஏன்டி, கொல்றதுன்னு முடிவு பண்ணிட்டா நேரா கொல்லேன்," என்றேன் நான்.

மந்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. காதில் இருந்து கழுத்து வரை சிவந்துபோனாள்.

இன்னொன்று, ஒரே நிறக் குமிழிகளைச் சேர்த்து வெடிக்க வைக்கும் ஆட்டம். மூன்று சேர்ந்தால் பீப், பீப், பீப் என்று கத்தும். எங்கள் மெஷின் குழாய் அடைத்தால் கத்துகிற அதே சத்தம், அதே சுருதி. நான் வரிசையாக நாலைந்தை வெடிக்க வைத்தேன். டியூட்டி நர்ஸ் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தாள். மந்திரி ஆறு மெஷினையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எதிலும் குறை இல்லை. நான் மட்டும் தப்புச் செய்த பிள்ளை மாதிரி டேப்லெட்டைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டிருந்தேன். அது போர்வைக்குள்ளிருந்தும் கத்தியது.

பந்தயக் கார் ஆட்டமும் போனது. அதற்குத் தகுந்த காரணம் இருந்தது. ஊசி இல்லாத கையில்தான் பிரஷர் பார்க்கும் பட்டை கட்டியிருக்கும். அரைமணிக்கு ஒருமுறை அது தானாக இறுகிக் கையைப் பிடித்து நிறுத்தும். அந்த நேரம் கார் சுவரில் மோதும், திரையில் "நீங்கள் இறந்துவிட்டீர்கள்" என்று வரும். மளிகைக் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "நாலு மணி நேரமா இந்தப் பொண்ணு உசுரைப் பிடிச்சு வச்சிருக்கு. இது நாலு செகண்டுல முடிச்சிடுச்சு பாருங்க," என்று வயிறு குலுங்கச் சிரித்தார். ஐந்தாம் கட்டில் அம்மா அழுதாள்.

இப்படி அடிபட்டு அடிபட்டுத்தான் மந்திரிக்குச் சட்டம் உருவானது. ஆட்டம் காத்திருக்க வேண்டும், ஆளை விரட்டக் கூடாது. சத்தமே இருக்கக் கூடாது. சத்தத்தைக் குறைத்து வைத்தால் யாராவது கூட்டிவிடுவார்கள். சாவு கூடாது, தண்ணீர் கூடாது, எங்களுக்கு விலக்கிய பழங்கள் குதித்துக் குதித்து வரக் கூடாது. பேர், ஊர், மின்னஞ்சல் என்று கேட்கக் கூடாது. விரல் தவறிப் பட்டாலும் எதுவும் இறங்கிவிடாத பக்கமாக இருக்க வேண்டும், ஏனென்றால் எங்களில் பாதிப் பேருக்கு விரல் நடுங்கும். இத்தனைக்கும் தப்பி வந்த ஆட்டங்கள் ஐந்தாறுதான். அதற்குள் அவள் எத்தனை பார்த்தாளோ, எத்தனையில் தோற்றாளோ. வார்டு அமைதியானது. மின்விசிறியை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாலாம் கட்டிலுக்கு மேஸ்திரி வந்தார்.

கட்டட மேஸ்திரி. அகலமான தோள், சுண்ணாம்பு தின்ற விரல்கள், பத்துப் பேரை ஒரே அதட்டலில் வேலை வாங்கிய குரல். அந்தக் குரலுக்கு இப்போது அதட்ட ஆள் இல்லை. தம்பி வேலையைப் பார்த்துக்கொள்கிறார், இவர் போனால் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். அது அவருக்குச் சிறுநீரகம் போனதைவிடப் பெரிய வலி.

"படுத்தே கிடக்க நான் என்ன பொணமா?" என்பார். சரியாக இரண்டு மணி நேரம் ஆனதும், "எடுத்து விடும்மா" என்று ஆரம்பிப்பார். எடுக்காவிட்டால் தானே பிடுங்கிக்கொள்வேன் என்று ஊசிப் பக்கம் கையைக் கொண்டுபோவார். அதற்கு மேல் யாரும் என்ன செய்ய முடியும்? மந்திரி எடுத்துவிடுவாள். வெளியே அவர் மனைவி அந்த நேரத்துக்கே ஆட்டோவைப் பிடித்து நிறுத்திக்கொண்டு காத்திருப்பாள். அவளுக்கும் பழகிவிட்டது.

பாதி நேரம் ஓடினால் பாதித் தண்ணீர்தான் வெளியேறும். மிச்சம் காலில் வீங்கும், பிறகு நெஞ்சில் ஏறும். ஒரு நாள் மூச்சு முட்டி, உதடு நீலமாகி, ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று அவர் மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"முழு நாலு மணி நேரம் ஓடணும்மா. இதே மாதிரி அரைகுறையா போனா, அடுத்த தடவை என்னால எதுவும் உறுதி சொல்ல முடியாது."

அந்த அம்மா மந்திரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தங்கச்சி, நான் சொன்னா கேக்க மாட்டாரு. பிள்ளைங்க சொன்னாலும் கேக்க மாட்டாரு. நீ ஏதாவது பண்ணும்மா." முன்பு இப்படிப் பாதியில் போய்க்கொண்டிருந்த ஒருவர் ஒரு வாரம் வரவில்லை, பிறகு அவர் இறந்த செய்திதான் வந்தது. அவர் படுத்திருந்த கட்டில்தான் மேஸ்திரியின் கட்டில். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

மந்திரி கையில் இருந்த ஒரே ஆயுதம் டேப்லெட். அவருக்கு ஆட்டம் தேட ஆரம்பித்தாள். சீட்டு அடுக்குவதைக் கொடுத்தாள், "தனியா சீட்டு ஆடுறவன் பைத்தியக்காரன்" என்றார். படத்துண்டுகளைச் சேர்ப்பதைக் கொடுத்தாள், "கிழிச்சவனையே ஒட்டச் சொல்லு" என்றார். கட்டடக்காரர்தானே என்று யோசித்து, மேலிருந்து கட்டைகள் விழும் ஆட்டத்தைக் கொடுத்தாள். விழுகிற கட்டையைத் திருப்பி இடைவெளியில் உட்கார வைக்க வேண்டும். மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் தடவையாக ஆர்வத்தைப் பார்த்தோம். அழகாக அடுக்கினார். ஒரு வரிசை இடைவெளி இல்லாமல் நிறைந்தது. நிறைந்ததும் அந்த வரிசை மறைந்துபோனது. அதுதான் அந்த ஆட்டத்தின் விதி.

"எங்கம்மா என் வரிசை?"

"நிறைஞ்சா மறைஞ்சிடும் அண்ணே. அதுக்குத்தான் மார்க்கு."

"ஒழுங்கா கட்டினா இடிச்சிடுமா?"

"ஆமா."

"கோணலா கட்டினா?"

"அப்படியே நிக்கும்."

மேஸ்திரிக்கு வந்ததே கோபம். சரியாகக் கட்டியதை இடித்து, ஓட்டை விட்டுக் கட்டியதை நிற்க விடுகிற இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் கண்டிப்பாக மாநகராட்சியில் வேலை பார்த்தவனாக இருப்பான் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா? நீங்க கட்டினது எத்தனை ஒழுகுதோ," என்றேன். அவ்வளவுதான். நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்பது சொல்ல, சிமெண்ட் கலவையில் ஆரம்பித்து என் வீட்டுக் குளியலறைக் கசிவு வரை போய், யார் மேல் தப்பு என்று முடிவாகாமலே அவர் எடுத்து விடச் சொன்னபோது இரண்டு மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மந்திரி கவனித்தாள். அன்று என் ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, உங்களுக்குச் சின்ன வயசுல புள்ளிக்கட்டம் ஆடத் தெரியுமா?"

"சின்ன வயசு எதுக்கு? ஆபீஸ்லேயே பைல் அட்டைக்குப் பின்னாடி ஆடிருக்கேன். என்னை யாரும் ஜெயிச்சதில்ல."

"அதான் வேணும். அவருக்கு வேண்டியது ஆட்டம் இல்லம்மா, ஆளு. சண்டைக்கு ஏத்த ஆளு."

"வார்டுல அஞ்சு பேர் இருக்கோம். என்னை மட்டும் ஏன் பார்க்குறே?"

அவள் பஞ்சின் மேல் பிளாஸ்டரை ஒட்டினாள். எனக்கே தெரிந்த பதில்தான்.

புள்ளிக்கட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வரிசையாகப் புள்ளிகள். ஆளுக்கு ஒரு கோடாகப் பக்கத்துப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். நாலாவது கோட்டைப் போட்டுக் கட்டத்தை மூடுகிறவருக்கு அந்தக் கட்டம் சொந்தம், உள்ளே அவர் எழுத்து விழும். மூடியவர் உடனே இன்னொரு கோடும் போட்டே ஆக வேண்டும். இதை இரண்டு டேப்லெட்டில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக ஆடும் பக்கம் ஒன்றை மந்திரி தேடிப் பிடித்திருந்தாள். வெள்ளைப் பக்கம், கறுப்புப் புள்ளி. விளம்பரம் இல்லை, சத்தம் இல்லை, பேர் கேட்பதில்லை. என் எழுத்து "டை". அவர் எழுத்து "மே".

மேஸ்திரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "கோடுன்னா சுவரு, கட்டம்னா ரூமு. இதுல என்ன இருக்கு?" என்று மளமளவென்று சுவர் எழுப்பினார். புதிதாக ஆடுகிற எல்லோரும் செய்வதையே செய்தார். மூன்று சுவர் வைத்தார். நான் நாலாவதை வைத்தேன். டை. அடுத்த அறை. டை, டை, டை. பக்கம் முழுக்க என் எழுத்து.

அவர் சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"இதேதான். முப்பது வருசமா இதேதான். மூணு சுவரு நான் வைப்பேன். நாலாவது வைக்கிறவன் வாசல்ல பேர் போட்டுக்குவான்."

மேஸ்திரி தலை நிமிர்ந்தார். "அடுத்த ஆட்டம் போடும்மா மந்திரியம்மா. இந்த டைப்பம்மாவைச் சும்மா விடக் கூடாது."

மறுநாள் இல்லை, அதற்கு மறுநாள், அவர் எல்லோருக்கும் முன்னால் வந்து படுத்துக்கொண்டு "டைப்பம்மா வந்தாச்சா?" என்று விசாரித்தாராம். வீட்டில் சிமெண்ட் சாக்கின் காகிதத்தைக் கிழித்து, அதில் புள்ளி வைத்துத் தானே இரண்டு ஆளாகவும் ஆடுகிறார் என்று அவர் மனைவி சொன்னாள். ஆனால் ஒரு கோளாறு இருந்தது. ஆட்டம் சீக்கிரம் முடிந்தது. இரண்டு மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றதும் கோபம் வந்துவிடும். "எடுத்து விடும்மா." இரண்டு மணி நேரம் இரண்டரை ஆனது, அதற்கு மேல் ஏறவில்லை. கால் வீக்கம் அப்படியே இருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அவர் பேசாமல் போனது எனக்குப் பயமாக இருந்தது.

மந்திரியை அழைத்தேன். "ஏன்டி, நான் விட்டுக் குடுத்திடறேன். ஒரு தடவை ஜெயிச்சுட்டுப் போகட்டும். மனசு குளிர்ந்து படுத்திருப்பாரு."

"வேண்டவே வேண்டாம்மா. ஜெயிச்சா சந்தோஷமா எழுந்து போயிடுவாரு. தோத்தா கோவமா எழுந்து போயிடுவாரு. எப்படிப் போனா என்ன? ஆட்டம் முடியக் கூடாது. அவ்வளவுதான் வேணும்."

அந்தப் பக்கத்தின் மூலையில் புள்ளி எத்தனை என்று தேர்வு செய்கிற இடம் இருந்தது. அதுவரை சின்னதையே வைத்திருந்தாள். அடுத்த முறை வந்தபோது எல்லாவற்றிலும் பெரியதை வைத்தாள். திரையைத் திறந்ததும் எனக்குத் தலை சுற்றியது. எறும்புக் கூட்டம் போல எங்கும் புள்ளி. மேஸ்திரி அதைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"இது வீடு இல்ல. இது காலனி," என்றார்.

ஆரம்பித்தோம். இத்தனை பெரிய களத்தில் அவசரப்பட்டவன் கெட்டான். யாரும் மூன்றாவது சுவரை வைக்கத் துணியவில்லை. ஒரு கோட்டுக்கு அவர் யோசிக்கும் நேரத்தில் நான் ஒரு குட்டித் தூக்கமே போடலாம். பிரஷர் பட்டை அவர் கையை இறுக்கும், கையைத் தூக்கிப் பிடித்தபடியே கண்ணால் புள்ளிகளை எண்ணுவார். பட்டை தளரும், ஒரு கோடு விழும். பிறகு என் கையை இறுக்கும். ஆட்டம் எங்களுக்காகக் காத்திருந்தது. பக்கத்தில் மளிகைக் கடைக்காரர் தன் ஆட்டத்தை மூடிவிட்டு எங்கள் திரையை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

இரண்டு மணி நேரம் தாண்டியது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மந்திரி பார்த்தாள். ஐந்தாம் கட்டில் அம்மாவும் பார்த்தாள். மேஸ்திரி பார்க்கவில்லை. வார்டில் யாரும் மூச்சு விடவில்லை, அவருக்கு நேரம் ஞாபகம் வந்துவிடுமோ என்ற பயம். மூன்று மணி நேரத்தை நெருங்கும்போது கதவு படாரென்று திறந்தது. அவர் மனைவி. வழக்கமான நேரத்தில் ஆள் வெளியே வரவில்லை, ஆட்டோக்காரர் கிளம்பிப் போய்விட்டார், உள்ளே என்ன ஆனதோ என்று அந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருக்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏங்க," என்றாள்.

மேஸ்திரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சத்தம் போடாத. நடுவுல இருக்கேன்," என்றார்.

அந்த அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மந்திரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள்.

கடைசிக் கட்டம் வந்தது. பாதுகாப்பான கோடுகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. இனி யார் கோடு போட்டாலும் மற்றவருக்கு ஒரு வரிசை அறைகள் திறக்கும். மீதி இருந்தது இரண்டு வரிசை, ஒன்று நடுத்தரம், மற்றது களத்தைச் சுற்றி வளைந்து ஓடும் மாபெரும் வரிசை. முறை என்னுடையது. வேறு வழியில்லாமல் நடுத்தர வரிசையைத் திறந்துவிட்டேன். கவலையில்லை. அவர் வழக்கம்போல ஆசைப்பட்டு முழுதும் எடுப்பார், எடுத்தபின் ஒரு கோடு போட்டே ஆக வேண்டும், பெரிய வரிசை என் மடியில் விழும். இந்த ஒரு தந்திரத்தில்தான் ஆபீஸ் முழுவதையும் நான் ஆண்டேன்.

மே, மே, மே என்று எடுத்துக்கொண்டே போனார். கடைசி இரண்டு அறை மிச்சம். விரலைத் திரை மேல் நிறுத்தினார். நீண்ட நேரம் நிறுத்தினார். அப்போதுதான் மெஷின் நான்கு மணி நேரம் முடிந்ததற்கான மணியை அடித்தது. மந்திரி பஞ்சும் பிளாஸ்டருமாகக் கட்டிலருகே வந்தாள்.

"அண்ணே, முடிஞ்சிடுச்சு. எடுத்து விடட்டுமா?"

மேஸ்திரி தலையைத் தூக்காமல் விரலை மட்டும் உயர்த்தினார்.

"இரும்மா. அவசரப்படாத."

சொல்லிவிட்டு, அந்த இரண்டு அறையையும் எடுக்காமல், வேண்டுமென்றே எனக்கு விட்டுவைத்து, அவற்றின் வெளிமுனையில் ஒரு கோட்டைப் போட்டார். நான் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இரண்டும் எனக்குத்தான், வேறு யாருக்கு? ஆனால் அதை மூடிய பிறகு நான் இன்னொரு கோடு போட்டாக வேண்டும். மிச்சமிருப்பது அந்தப் பெரிய வரிசை ஒன்றுதான். இரண்டு அறையைக் கொடுத்துவிட்டு ஒரு காலனியை வாங்கிவிட்டார். என் தந்திரத்தை முறியடிக்கும் வழியை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. சிமெண்ட் சாக்கில் அவரே கண்டுபிடித்திருக்கிறார்.

"டைப்பம்மா, போடுங்க," என்றார். குரலில் பழைய அதட்டல் வந்திருந்தது.

போட்டேன். வேறென்ன செய்வது? மே, மே, மே, மே என்று திரை முழுக்க ஓடியது. நாலாவது சுவர் ஒவ்வொன்றையும் அவரே வைத்தார், ஒவ்வொன்றிலும் அவர் பெயர் விழுந்தது. அவர் கண் கலங்கியிருந்தது. தோற்றது எனக்கு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதரைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்துபோனது, அதுவும் பொய் இல்லை.

மளிகைக் கடைக்காரர்தான் ஆரம்பித்தார். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள். எங்கள் எல்லோருக்கும் ஒரு கைதான் இருந்தது. அவர் அந்தக் கையால் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்டினார். ஐந்தாம் கட்டில் அம்மா சாப்பாட்டுப் பலகையைத் தட்டினாள். நான் என் தொடையைத் தட்டினேன். ஆறு கட்டிலும் அதிர்ந்தது. நர்ஸ் எதுவோ வெடித்துவிட்டது என்று மறுபடியும் ஓடி வந்தாள்.

மந்திரி ஊசியை எடுத்தாள். பஞ்சை அழுத்திப் பிடித்துப் பிளாஸ்டரை ஒட்டினாள். மேஸ்திரியைத் தராசில் ஏற்றினாள். தேங்கிய தண்ணீர் வடிந்து, முதல் தடவையாக டாக்டர் சொன்ன எடைக்கு அவர் இறங்கியிருந்தார். எண்ணைப் படித்துவிட்டு அவள் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். தெருவில் எந்த ஆட்டத்திலும் ஜெயிக்காதவள், நின்று நிதானமாக இரண்டு முறை கண்ணைத் துடைத்தாள்.

மேஸ்திரி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். அங்கே நின்று என் பக்கம் திரும்பினார்.

"டைப்பம்மா, அடுத்த தடவை இதே பெரிய ஆட்டம்தான். நாலு மணி நேரமும் இருக்கணும். தோத்துட்டோம்னு பாதியில எழுந்து ஓடிடக் கூடாது, சொல்லிட்டேன்."

"நான் எங்கேயும் ஓட மாட்டேன். நீங்க வந்து சேருங்க."

"வருவேன்," என்றார். "வராம எங்க போறது?"